தேவதை மீன் கொடுத்த முத்தம்

அந்தத் தெருவுக்காக ஒரு மீன் யோசித்தது. மற்றவர்கள் அதனிடம் கேட்டு நடந்துகொண்டார்கள்.

பெண் பார்க்கப் போகலாமா, மீனைக் கேள். வீடு மாற்றலாமா, மீனைக் கேள். பையன் பரீட்சையில் தேறுவானா என்பது பையனுக்கே தெரியும். அதையும் மீனிடம்தான் கேட்டார்கள். கதவு திறக்கும் முன்பே மருந்துக்கடை முனை வரைக்கும் வரிசை நிற்கும். வரிசையின் முதலில் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் உண்டு.

மீனின் சொந்தக்காரரைப் பவளத்தார் என்று அழைத்தார்கள். அதற்கு முன்பு அதே இடத்தில் அலங்கார மீன் கடை வைத்திருந்தபோது அவரை யாரும் எப்படியும் அழைத்ததில்லை. கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் ஒருநாள் இந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆழ்கடல் பவளப்பாறையில் மட்டும் வாழ்கிற அபூர்வமான ஜாதி. உள்ளங்கை அகலம், செம்மஞ்சள் உடம்பு, அதில் நீலக் கோடுகள். மீன் வளர்ப்பவர்கள் இந்த வகையை ஏஞ்சல் என்பார்கள். ஏஞ்சல் என்றால் தேவதை என்று கடைக்கு வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். மறுமாதம் கடைக்காரர் தேவதைக்குக் காரியதரிசி ஆகிவிட்டார். பக்கத்துத் தொட்டியில் கோமாளி மீனும் இருந்தது. அதுவும் அழகுதான், பெயர் சரியில்லை, விற்றுப்போனது.

ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. இருட்டு அறையில் சுவர் அகலத்துக்குத் தொட்டி. உள்ளே நீல விளக்கு, உப்புத் தண்ணீர், பாறை, பாறைமேல் விரல் விரலாகவும் மடிப்பு மடிப்பாகவும் பவளம். தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். அது கடலின் மூச்சு என்றார் பவளத்தார். மூச்சுக்குக் கரண்ட் பில் கட்டியவர் அவர், அவருக்குத் தெரியாதா?

தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி, அதற்கு நேர்மேலே ஒரு விளக்கு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேள்வியைச் சொல்ல வேண்டும். மீன் விரைந்து வந்து கண்ணாடியில் உதடு பதித்து முத்தமிட்டால் காரியம் ஆகும். வாலைக் காட்டினால் ஆகாது. ஆகாதவர்கள் மறுபடி வர வேண்டும், ஆகும் வரைக்கும் வர வேண்டும். பொழுதுபோகாமல் கேட்க வந்தவர்களுக்கு முத்தமும், பயந்து வந்தவர்களுக்கு வாலும் கிடைத்தன. முத்தம் வாங்கியவர் ஊரெல்லாம் சொல்வார். வால் வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார். தேவதைக்கு வியாபாரம் நன்றாகப் பிடிபட்டிருந்தது.

சும்மா இருக்கிற நேரத்தில் தேவதை பவளத்தைக் கொறிக்கும். அந்த ஜாதிக்கு அது தீனி. பவளம் தேயத் தேய, "உங்க பாவத்தையெல்லாம் தாங்கித் தாங்கிக் கரையுது" என்று சொல்லி, புதுப் பவளம் வாங்க ஒரு பெட்டி வைத்தார் பவளத்தார். பெட்டி நிறைந்தது. புதுப் பவளம் வந்தது. மீன் அதையும் தின்றது. ஊரில் பாவம் கூடிவிட்டது என்று பெரிய பெட்டியாக வைத்தார்.

இந்த வரிசைக்குத்தான் தையற்காரி தன் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

அவர் பெயிண்டர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் பால் ஊற்றியது போல் வெளுத்துக் கிடந்தது. போன மாதம் ஒரு வீட்டுக் கதவுக்குப் பாதி பச்சையும் பாதி நீலமும் அடித்துவிட்டு, "எப்படி இருக்கு, சார்?" என்று சட்டை மாட்டும் கம்பத்தைக் கேட்டார். அதன்பிறகு அவரை ஏணி ஏற யாரும் கூப்பிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். இதற்கு மேல் முற்றவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை அடியோடு போய்விடும், பிறகு என்னிடம் வராதீர்கள் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். தேதியைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசி.

தையற்காரிக்கு எல்லாம் புரிந்தது. கண்ணில் கத்தி என்ற ஒன்று மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை. ஊசியும் கத்திரியும் புழங்குகிற கை அது. கூர்மை என்றால் என்னவென்று தெரியும். கை தவறினால் துணியைப் பிரித்துத் தைக்கலாம். கண்ணை? ஒரு வார்த்தை மீனைக் கேட்டுவிடு என்றாள் எதிர்வீட்டுக்காரி. கேட்பதில் என்ன நஷ்டம் என்றும் சொன்னாள். உலகத்தில் பாதி நஷ்டம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அவர்களுக்கு முன்னால் ஓர் இன்ஜினியர். புது வீட்டுக்கு வடக்குப் பக்கம் வாசல் வைக்கலாமா என்று கேட்டார். அதற்கு அவர் படித்த படிப்பில் இடமில்லை போலும். "கண்ணை மூடுங்க, மனசுக்குள்ள வெளிச்சம் வரட்டும்" என்று பவளத்தார் மேல்விளக்கை அணைத்தார். மீன் சீறிவந்து கண்ணாடியில் டொக் டொக்கென்று முத்தமிட்டது. இன்ஜினியர் குழந்தை போல் சிரித்தார்.

பெயிண்டரின் முறை வந்தது. "தேவதை உங்க முகத்தை நல்லாப் பார்க்கட்டும்" என்று விளக்கைப் போட்டார் பவளத்தார். மீன் பாறையைச் சுற்றி வந்தது, இந்தப் பக்கம் திரும்பியது, வாலைக் காட்டிவிட்டுப் பவளத்துக்குப் போனது. வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

பவளத்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தேவதை சம்மதிக்கும் வரை கத்தி படக் கூடாது. சிறு சீசாவில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். பவளநீராம். காலையும் மாலையும் கண்ணில் சொட்டு விட வேண்டுமாம்.

"எனக்கு மீனே தெரியலை. அதுக்கு என்னைத் தெரிஞ்சுதாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் பெயிண்டர். தையற்காரி சீசாவை முந்தானையில் முடிந்திருந்தாள்.

வீட்டில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, இமையை விரலால் விரித்துப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவனை அவன் ஜன்னலைப் பார்க்கிற தினுசிலேயே பிடித்துவிடுவாள். கல்யாணம் ஆகவில்லை, யாரும் இன்னும் சரியான சில்லறையோடு வரவில்லை என்பாள். வந்தவள் சீசாவைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"அண்ணி, இந்தத் தண்ணியிலதானே அது திங்குது, தூங்குது, மத்ததெல்லாம் பண்ணுது? இல்லை, அதுக்குத் தனியாக் கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்காரா உங்க பவளத்தார்?"

பெயிண்டர் தன் கண்ணை உடனே மூடிக்கொண்டார்.

"உனக்குக் கேலி," என்றாள் தையற்காரி. "நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, நீ டூட்டிக்குப் போயிடுவே. நான் இவரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

கண்டக்டர் சீசாவை மூடித் தன் பைக்குள் வைத்தாள். நானும் போய் மீனிடம் ஒன்று கேட்கிறேன், அது உண்மையைச் சொன்னால் நானே சொட்டு விடுகிறேன், அதுவரை சீசா என்னிடம் இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் கண்டக்டர் போனாள். நல்ல புடவை, கழுத்தில் கவரிங் சங்கிலி, கையில் பளபளக்கும் பை. வீட்டுக்காரருக்கு வெளிநாட்டு வேலை அமையுமா என்று கேட்டாள். பவளத்தார் பையைப் பார்த்தார், விளக்கை அணைத்தார். மீன் ஓடிவந்து முத்தமிட்டது.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்களே," என்றாள் கண்டக்டர்.

பவளத்தார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தேவதை நடந்ததையா சொல்லும்? நடக்கப் போறதைச் சொல்லும். மாப்பிள்ளை வராரும்மா, அதுவும் வெளிநாட்டுல இருந்து."

வரிசை கைதட்டியது. ஓர் அம்மாள், தன் தம்பி மகன் வெளிநாட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லிக் கண்டக்டரின் விலாசத்தைக் கேட்டாள். நம்புகிறவனிடம் பொய்யை நிரூபித்தால், அதற்கும் சேர்த்து நம்புவான்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் கவரிங் சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் எறிந்தாள். ஜன்னலோரம், கூட வந்து வாசலிலேயே காத்திருந்த தையற்காரி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே பழக்கடை, செருப்புக்கடை, சைக்கிள்காரர் எல்லாம் தெரிந்தார்கள். நன்றாக இருட்டியதும் டிரைவர் உள்விளக்கைப் போட்டார். கடைகள் மறைந்து, கண்ணாடியில் ஒரு களைத்த பெண் அவளையே பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் டிரைவர் விளக்கை அணைத்தார். பெண் போய்விட்டாள், தெரு வந்தது. மறுபடி போட்டார், தெரு போனது, பெண் வந்தாள்.

"நீ உட்கார்ந்தப்போ மேல்விளக்கு எரிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டாள் தையற்காரி.

"இல்லை. ஏன்?"

"உங்க அண்ணனுக்கு எரிஞ்சுது. இப்போ உள்ளே விளக்கு, வெளியே இருட்டு. இந்தக் கண்ணாடியில உனக்கு என்ன தெரியுது?"

"என் மூஞ்சிதான் தெரியுது."

"மீனுக்கு?"

கண்டக்டர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காத ஒருவனை அவளுக்கு முன்னால் அண்ணி பிடித்துவிட்டாள்.

புதன்கிழமை மூவரும் போனார்கள். விடிந்தால் ஆபரேஷன். பெயிண்டர் நாற்காலியில் உட்கார்ந்தார், பவளத்தார் விளக்கைப் போட்டார், மீன் வாலைக் காட்டியது. எல்லாம் முறைப்படி நடந்தது. அப்போது சுவரோரம் நின்ற கண்டக்டர் ஸ்விட்சைத் தட்டினாள். மேல்விளக்கு அணைந்தது. மீன் பாய்ந்து வந்து, பெயிண்டரின் முகத்துக்கு நேரே டொக் டொக்.

"சம்மதம் கிடைச்சிடுச்சு," என்று கூட்டம் பூரித்தது. பவளநீர் வேலை செய்கிறது என்றார் பவளத்தார். சொட்டாத தண்ணீரும் வேலை செய்ததைக் கேட்டுப் பெயிண்டர் சிரித்துவிட்டார்.

தையற்காரி அவரை எழுப்பி ஓரமாக நிறுத்தினாள். வாசலுக்குப் போய், செருப்புக் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து வந்து நாற்காலியில் வைத்தாள். பெருவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்த பழைய ஒற்றைச் செருப்பு. பவளத்தார் பதறி ஓடிவந்தார். வரிசையில் நின்ற நான்கு பேர் என்னதான் நடக்கிறதென்று பார்க்கும் ஆசையில் அவருக்கு வழிவிடவில்லை. ஆசை சில நேரம் அறிவின் வேலையையும் செய்யும்.

விளக்கு எரிந்தது. மீன் வாலைக் காட்டியது. விளக்கு அணைந்தது. மீன் வந்து செருப்புக்கு முத்தமிட்டது. எரிந்தது, வால். அணைந்தது, முத்தம். பெயிண்டருக்கும் இன்ஜினியருக்கும் கொடுத்த அதே முத்தம், ஒரு டொக் கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு கண்டக்டர் விளக்கை எரியவிட்டுத் தன் பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியில் ஒட்டிப் பிடித்தாள். மீன் வெறிகொண்டு வந்து அதில் மோதியது. மறுபடி மோதியது.

"எடும்மா, உதடு கிழிஞ்சுடும்," என்று கத்தினார் பவளத்தார். பழைய கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். "அந்த ஜாதி மீனு தன்னை மாதிரி இன்னொண்ணைக் கண்டாப் பொறுக்காது. தன் இடத்துல இருந்து அடிச்சுத் துரத்தப் பார்க்கும். அதனாலதானே தொட்டிக்கு ஒண்ணு விடறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் அறைக்கும் உறைத்துவிட்டது.

"அப்போ அது முத்தம் இல்லையா?" என்றார், அடுத்த கேள்வியோடு வரிசையில் நின்ற இன்ஜினியர்.

"இல்லைங்க. வெளியே போடான்னு திட்டியிருக்கு," என்றாள் தையற்காரி. "வரிசையில நின்னு, குடுக்க வேண்டியதையும் குடுத்து வாங்கிட்டுப் போனோம்."

இன்ஜினியர் தலையில் கை வைத்தார். மீன் சொன்ன திசையில் வாசல் வைத்தாயிற்று. இறங்கினால் நேரே சாக்கடை. சிலர் பவளத்தாரின் சட்டையைப் பிடித்தார்கள். சிலர் பெட்டியைத் தேடினார்கள். அது யார் கையிலோ ஏறி, முன்பே கொல்லை வழியாகக் கிளம்பியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் பக்தி மாறாமல், தேவதை இத்தனை முறை முத்தமிட்ட அந்தச் செருப்பு யாருடையது என்று விசாரித்தார். அது என்னுடையதுதான் என்று மூன்று பேர் கை தூக்கினார்கள்.

தையற்காரி நாத்தனாரிடமிருந்து சீசாவை வாங்கி, தண்ணீரை வாசல் சாக்கடையில் ஊற்றினாள். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் போகவில்லை, பயத்தோடே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். பெயிண்டர் தையற்காரியைப் பார்த்தார், அவள் புடவையைப் பார்த்தார், "இதுவா பச்சைன்னு சொன்னே? நீலம்டி," என்றார். அவள் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதாள்.

தன் முகத்தையே எதிரி என்று நினைத்து மீன் மோதியதில் தப்பில்லை. அதன் மூளை கடுகளவு; விளக்கைப் போட்டுப் பார்க்கக் கையும் கிடையாது. வரிசையில் நின்றவர்களுக்கு மூளை மண்டை நிறைய இருந்தது, கை இரண்டு இருந்தது, ஸ்விட்சும் எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது.