டவுட் அண்ணனின் இதயத் துடிப்பு

சிங்கப்பூரில் ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கிய ஒரே தமிழர் எங்கள் டவுட் அண்ணன்தான். சிராங்கூன் சாலைக் காய்கறிக்கடையில் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்து, “ஏன் சும்மா தர்றீங்க? நேத்து வந்ததா?” என்று திருப்பிக் கொடுத்தவர்.

இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி செய்யும் சிறிய நிறுவனத்தில் நானும் அவரும் வேலை பார்த்தோம். கருவியைச் சோதிக்க, ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ஈசிஜி பதிவுகளையும், அவற்றை அலசும் மென்பொருளையும் இறக்கினேன். அண்ணன் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

“யாரோட நெஞ்சு இது?”

“தெரியாதுண்ணே. பேரை எடுத்துட்டுத்தான் போடுவாங்க.”

“பேரை எடுத்துட்டானா? அப்ப ஏதோ தப்பு நடந்திருக்கு லா!”

மடிக்கணினியின் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டினார். வைஃபையைத் துண்டித்தார். மென்பொருளின் வேஷத்தைக் கலைக்கத் தன் ஈசிஜியையே பதிவுசெய்து உள்ளே கொடுத்தார். அது நடுநடுவே சிவப்புக் குறி போட்டது: துடிப்பு சீராக இல்லையாம்.

“மாட்டிக்கிச்சு பாரு! பச்சைப் பொய்!” அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்.

என் பதிவைக் கொடுத்தோம். ஒரு சிவப்பும் இல்லை.

“என் மேல மட்டும் என்ன கோபம் இதுக்கு?”

மென்பொருளின் நிரல் முழுவதும் யாரும் படிக்கலாம் என்று திறந்தே கிடந்ததால், சதி எந்த வரியில் இருக்கிறது என்று வார இறுதி முழுக்க, சுவா சூ காங் வட்டாரத்துத் தன் வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறார். திங்கட்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பொய் எங்கயும் இல்லம்மா” என்றார்.

அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கேயும் விசாரணைதான்.

“டாக்டர், உங்க மெஷின் சும்மா கிடைச்சதா, காசு குடுத்து வாங்குனதா?”

“காசு குடுத்துத்தான்.”

“அப்ப நம்பலாம்.”

காசு கொடுத்து வாங்கிய இயந்திரமும் அதையே சொன்னது. நல்ல வேளையாக முன்கூட்டியே தெரிந்துவிட்டது, மாத்திரை போதும் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எம்ஆர்டி ரயில் நிலையம் வரை விடவில்லை.

சில மாதங்கள் கழித்து, விருப்பமுள்ளவர்கள் தங்கள் பதிவைப் பொதுத் தொகுப்புக்குத் தரலாம் என்றது நிறுவனம். முதலில் வந்து நின்றவர் அண்ணன்.

“எவனோ முன்னாடி குடுத்ததாலதானே எனக்குத் தெரிஞ்சிச்சு” என்றவர் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, “ஆனா நீயே ஏத்து. வேற எவனையும் நம்ப முடியாது” என்றார்.

நான்தான் ஏற்றினேன். பிறகு அவர் வேறு நிறுவனத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிய நிரலைச் சோதிக்கும்போது, பெயரில்லாத கோடுகளுக்கு நடுவே அந்தத் தடுமாறும் கோடு வரும். சோதனை முடிந்தாலும் உடனே மூட மனம் வராது. கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருப்பேன்.