ஏணைக் கிளாக்கரின் இருநூற்றோராவது பிள்ளை

திருகோணமலையில் இன்னும் பிறக்காத பிள்ளைகளைப் பற்றி, அவர்களைப் பெறப்போகிற தாய் தகப்பனை விட அதிகம் கவலைப்பட்ட ஒரே மனுஷர் எங்கள் ஏணைக் கிளாக்கர்தான்.

அறுபதுகளில், கல்விக் கந்தோரில் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு விண்ணப்பம் எழுதுவது அவருக்கும் எனக்கும் வேலை. அலுப்புப் பிடித்த வேலை. இந்த வருடம் வகுப்பு இடாப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதி அனுப்புவோம். அனுமதி வந்து, சீமெந்து வந்து, கட்டடம் எழும்ப ஐந்து வருடம் போய்விடும். திறப்பு விழா அன்றே பாதிப் பிள்ளைகள் மரத்தடியில் இருப்பார்கள். மறுபடி விண்ணப்பம் எழுதுவோம். எழுதியெழுதி என் தலைமயிர் பாதி கொட்டிவிட்டது.

"இடாப்பை எண்ணிப் பிரயோசனமில்லைத் தம்பி. ஏணையை எண்ணவேணும்" என்றார் ஒருநாள். பகிடி என்று நினைத்தேன். மனுஷர் அந்தச் சனிக்கிழமையே சைக்கிளில் பாலையூற்றுக்குப் போய், வீடு வீடாக எட்டிப் பார்த்து, விறாந்தையில் தொங்குகிற ஏணைத் தொட்டில்களையும் கொடியில் காய்கிற பிள்ளைத் துணிகளையும் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் நாய் கலைத்தது. ஒரு வீட்டில் பிள்ளை பிடிகாரன் என்று விளக்குமாறு எடுத்தார்கள்.

அதோடு விட்டாரா? கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், எங்கே கல்யாணமென்றாலும் ஆள் முன்வரிசைக் கதிரையில் இருப்பார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "தம்பி, முதல் பிள்ளை எந்த வருசம் உத்தேசம்?" என்பார்.

"அண்ணை, நான் இன்னும் சோறே தின்னேல்லை" என்றான் ஒருவன், அழாக்குறையாக.

"சரி, ஒரு வருசம் தள்ளிப் போடுறன்."

அறைக்கு நாற்பது பிள்ளைகள் என்பது விதி. பாலையூற்றில் கட்டவிருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் கணக்கு இருநூற்றொன்று. இருநூறென்றால் ஐந்து அறை. ஒன்று கூடினால் ஆறு. நம்பாத கொழும்புக்காரர்கள், பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் வருவதற்கு முதல்நாள் நான்தான் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பாலையூற்றுக் குடும்பங்கள் வரிசையாக வந்தன. கடைசி வரியில் என் கை நின்றுவிட்டது. அங்கே என் பெயர், பக்கத்தில் 'ஒன்று'.

பாலையூற்றில் குடியிருந்த எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. யாராவது பிள்ளைக் கதை எடுத்தால் என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

"அண்ணை, இதை வெட்டுங்கோ."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதே? ஊரே கைவிட்டிட்டுது."

"ஊரோ பள்ளிக்கூடம் கட்டுறது? நான் வருசா வருசம் தள்ளிப் போட்டுக்கொண்டு வாறன். வெட்ட ஏலாது."

எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கடைசி வரியில் நிறுத்தினார்.

"இது ஆர்?"

"நான்தான் சேர்."

"உமக்குப் பிள்ளை இருக்கோ?"

இல்லையென்று சொன்னால் ஆறாவது அறை போச்சு. கிளாக்கர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும் சேர்."

அதிகாரி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

வழக்கம்போல ஐந்து வருடத்தில் கட்டடம் எழும்பியது. ஆறு அறைகளும் முதல் மாதமே நிரம்பின. ஒருவரும் கிளாக்கருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் பென்சன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்களுக்கு மகள் பிறந்தாள், நன்றாகப் பிந்தித்தான். அவளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன காலையில் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு கிளாக்கர் நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. ஆறாவது அறையில், இரண்டு பிள்ளைகளைக் கொஞ்சம் அரக்கி, ரீச்சர் அவளை வாங்குப் பலகையில் இருத்தும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பழைய கொப்பியை எடுத்து, கடைசி வரிக்குப் பக்கத்தில் சரி போட்டார்.

"இப்பதான் தம்பி கணக்கு முடிஞ்சுது."

நாங்களே நம்பிக்கை விட்ட பிள்ளைக்கு இத்தனை வருடம் இடம் பிடித்து வைத்திருந்த மனுஷர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடு வாசலில், வெட்கமில்லாமல் அழுதேன்.

"கையை விடும் தம்பி," என்றார், "கொப்பி நனையுது."