முதல் பற்றவைப்புச் சான்றிதழ்

ஒரு வீட்டுக்கு அடுப்பு அவசியம் என்பதில் இதுவரை எந்த அரசாங்கமும் மாற்றுக்கருத்து தெரிவித்ததில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்கும் புதிய அடுப்பு வாங்குவதென்று கொள்கை அளவில் முடிவு செய்யப்பட்டது. பழைய அடுப்பில் வலது பர்னர் செத்து ஒரு வருஷமாகியிருந்தது. இடது பர்னர் உயிரோடுதான் இருந்தது, ஆனால் காலையில் நாலு தடவை திட்டினால்தான் பற்றும்.

முடிவு செய்தவர் என் கணவர். தொழில் உரிமங்களைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். செருப்பு வாங்கினாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு வாங்கி, பச்சை நாடா போட்டுக் கட்டி வைப்பவர். அடுப்புக்கும் மூன்று விலைப்புள்ளிகள் வந்தன.

"இது ரொம்ப மலிவு. தரத்துல சந்தேகம் வரும்," என்று ஒன்றை ஒதுக்கினார்.

"அப்ப பெரிசையே வாங்கிடலாமே?"

"ரொம்ப விலை. நாளைக்குத் தணிக்கையில கேள்வி வரும்."

"நம்ம வீட்டுக்கு யாருங்க தணிக்கை?"

"இன்னிக்கு இல்லைங்கறதுக்காக என்னிக்கும் இருக்காதுன்னு சொல்ல முடியுமா?"

இப்படியாக நடுத்தர விலையில் ஒரு கேஸ் ரேஞ்ச் திங்கட்கிழமை வந்து இறங்கியது. மேலே நாலு பர்னர், கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஓவன். கடை ஆட்களே குழாயை மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, "எல்லாம் சரி, சமைக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்த ஓவன்தான் வேண்டியிருந்தது. ஊரில் உள்ள சமையல் பயிற்சிப் பள்ளியில் ரொட்டி சுடச் சொல்லித்தரும் வேலை காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பேக்கரியில் நாலு வருஷம் மாவு பிசைந்தவள். பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பயந்து பயந்து விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது: 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தங்கள் வீட்டு ஓவனில் தாங்களே சுட்ட ரொட்டியுடன் நேரில் வரவும்.' அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கடை ஆட்கள் போனதும் ஓவன் திருகில் கை வைத்தேன். "நிறுத்து!" என்று ஒரு சத்தம். இவர்தான், கையில் கையேட்டோடு.

"பதினாலாம் பக்கம். 'நிறுவனத்தின் முதல் பற்றவைப்பு ஆய்வாளர் நேரில் வந்து சான்றளிக்கும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் உத்தரவாதம் ரத்தாகும்.' கையை எடு."

"எனக்கு வெள்ளிக்கிழமை ரொட்டி சுடணுங்க."

"சுடு. யார் வேண்டாம்னா? சான்றிதழ் வந்ததும் சுடு."

புது அடுப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் மறுபடி போர்த்திவிட்டார். பழைய அடுப்பும் இன்னொரு சிலிண்டரும் பால்கனிக்குப் போயின. துணி காயும் கொடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, அவர் பனியன் தலையில் சொட்ட, நான் சோறு வடித்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முழங்கால் வலியோடு புரிந்தது.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் வந்தாள். உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அண்ணனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"சூப்பர் அண்ணி. இதே மாடல்தான் எங்க வீட்டுலயும். மூணு வருஷமாச்சு, ஒரு கீறல் இல்ல."

"எப்படிம்மா? தினமும் துடைக்கிறியா?"

"துடைக்கிறதா? சமைச்சாத்தானே அண்ணி துடைக்கணும்!"

"பின்ன எதுல சமைக்கிறே?"

"பின்னாடி பழைய அடுப்பு இருக்கே. இதுல போய் யாராவது சமைப்பாங்களா? எண்ணெய் தெறிக்கும். நான் இது மேல ஒரு பூச்சாடி வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க."

அவள் போகும்போது எங்கள் அடுப்பு மேலேயும் ஒரு பூச்சாடி இருந்தது. பூவும் பிளாஸ்டிக்தான்.

புதன்கிழமை மாலை ஆய்வாளர் வந்தார். தோளில் பை, சட்டைப்பையில் மூன்று பேனா. உறையைப் பயபக்தியோடு விலக்கினார். பர்னர்களை எண்ணினார். நாலு இருந்தன. ஓவன் கதவைத் திறந்து மூடினார். திறந்தது, மூடியது. பிறகு உட்கார்ந்து பதினெட்டாம் பக்கத்தை விரித்தார்.

"எல்லாம் திருப்தி மேடம். ஏழு நாள் எரியவிட்டுப் பாருங்க. நல்லா எரிஞ்சுதுன்னா நான் வந்து சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

"கையெழுத்துக்கு முன்னாடி பத்தவைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"ஆமா. கூடவே கூடாது."

"பத்தவைக்காம எப்படி சார் ஏழு நாள் எரியும்?"

"அது வேற பக்கம் மேடம். இது வேற பக்கம்."

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் கணவரோ மெய்சிலிர்த்துப் போயிருந்தார். இவ்வளவு கச்சிதமான விதியை அவர் தன் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லையாம்.

"வேற வழியே இல்லையா சார்?" என்று கெஞ்சினேன்.

"இருக்கு. ஆய்வாளரே தன் பொறுப்புல சிறப்பு அனுமதி தரலாம். ஆனா என் உரிமம் காலாவதியாகி நாலு மாசம் ஆச்சு. புதுப்பிக்க எழுதிப் போட்டேன். அங்க ஒரு கண்காணிப்பாளர் இருக்காராம். பேனாவுக்கு மூடி கழட்டவே அந்த ஆளுக்கு நல்ல நாள் பார்க்கணுமாம்."

"உரிமம் இல்லாம எப்படி சோதிக்க வந்தீங்க?"

"சோதிக்கலாம் மேடம். கையெழுத்துப் போடத்தான் கூடாது."

நான் மெல்லத் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, அலுவலகக் குரலில், "விண்ணப்ப எண் என்ன?" என்று கேட்டார்.

ஆய்வாளர் எழுந்தே நின்றுவிட்டார். "சார்... நீங்களா? மன்னிச்சிடுங்க சார், தெரியாம..."

"உட்காருங்க. உங்க கோப்பு என் மேசையிலதான் இருக்கு. குறை ஒண்ணும் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடுங்க. மத்தியானம் அவர் வந்து அனுமதி குடுக்கட்டும். முடிஞ்சுது!"

இவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எப்படிப் போட முடியும்? இவர் என் அடுப்பைச் சோதிக்கிறவர். இப்ப நான் கையெழுத்துப் போட்டா அது கைம்மாறு. என் நேர்மை என்ன ஆகிறது?"

"நாலு மாசமா அவர் யாருன்னே தெரியாதே! அப்ப ஏன் போடலை?"

"அப்ப அவசரம் இல்லையே."

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு அதிகாரியா சார்!" என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு மாசமாகச் சம்பளம் பாதிதான் வருகிறதாம், அதையும் சொல்லிவிட்டுத்தான் பாராட்டினார். இருவரும் நான் பால்கனியில் குந்திப் போட்ட டீயைக் குடித்தார்கள். அறிக்கையில் ஆய்வாளர் எழுதியது: 'அடுப்பு நலம். பற்றவைக்கப்படாததால் குறை எதுவும் தென்படவில்லை.'

வியாழக்கிழமை முழுக்க நான் என் கணவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாவைப் பிசைந்தேன். பிசையப் பிசைய அழுகை வந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகும் கைக்குப் பதம் மறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறைக்குப் பயந்து இந்தக் கையை இன்னொரு பதினோரு வருஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அழுகை போய்க் கோபம் வந்தது. மாவு உப்பி வந்ததும் பூச்சாடியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தேன். உறையைக் கிழித்தேன். ஓவனின் திருகை அழுத்தித் திருப்பினேன். டிக் டிக் என்றது. உள்ளே நீலமாகப் பற்றிக்கொண்டது. யார் சான்றிதழையும் அது கேட்கவில்லை.

சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். "ஐயோ, உத்தரவாதம் போச்சே!"

"போகட்டும்."

"ரெண்டு வருஷ உத்தரவாதம்டி!"

"நான் பதினோரு வருஷம் போக்கியிருக்கேன். இது ரெண்டுதானே?"

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நடுத்தர விலை ஓவனுக்கு நடுத்தரப் புத்திதான். இடது பக்கம் கொதித்தது, வலது பக்கம் கொட்டாவி விட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டின்னைத் திருப்பித் திருப்பி வைத்துச் சுட்டேன். மணம் வீடு முழுக்கப் பரவியதும், நாற்காலியில் இருந்தவர் தானாக எழுந்து வந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் கருகியிருக்கு," என்றார். "உத்தரவாதம் மட்டும் இருந்திருந்தா இதுக்கு இலவசமா ஆள் அனுப்பியிருப்பான்."

பள்ளியில் முதல்வர் அம்மாள் ரொட்டியை அறுத்து, அமுக்கி, முகர்ந்து, தின்று பார்த்தார். வேலை எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வகுப்பறையைக் காட்டினார். வரிசையாக ஆறு கேஸ் ரேஞ்ச். ஆறுக்கும் பிளாஸ்டிக் உறை.

"வாங்கி ரெண்டு வருஷமாச்சு. மேலிடத்திலேர்ந்து எப்ப வந்து பார்த்தாலும் புதுசா இருக்கணும் பாருங்க," என்றார். "அதனாலதான் உங்களை வீட்டிலேயே சுட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். பாடம் எல்லாம் கரும்பலகையிலதான்."

முதல் நாளே சண்டை போட்டேன். வாதாடினேன். ஜெயித்தேன். என் கையாலேயே ஆறு உறைகளையும் உரித்துப் போட்டேன். முப்பது மாணவிகள் கைதட்டினார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மூன்றாவது வாரம் ஒருத்தி பாலைப் பொங்கவிட்டாள். இன்னொருத்தி ஒரு திருகை உடைத்தாள். முதல்வர் அம்மாள் கோபப்படவே இல்லை. இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து, இனி எது உடைந்தாலும் நான்தான் பொறுப்பு என்று ஆறு அடுப்புகளையும் என் பெயரில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வகுப்பறைச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை நான் கடைக்குப் போய் ஆறு மீட்டர் பிளாஸ்டிக் வாங்கினேன். கெட்டியான ரகம்.

நேற்று ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். என்னைவிட மூத்தவள், வீட்டு வேலை செய்து பிழைப்பவள்.

"டீச்சர், ஒரே ஒரு தடவை நான் ஓவனைப் பத்தவச்சுப் பாக்கலாமா?"

"முதல்ல வீட்டுல நல்லா சுட்டுப் பழகிட்டு வா. அப்புறம் இதைத் தொடலாம்."

"வீட்டுல ஓவன் இல்ல டீச்சர். அதனாலதான் இங்க சேர்ந்தேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் அவளுக்காக ஓர் ஓவனை நன்றாகப் பெரிதாக வரைந்து காட்டினேன்.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை. உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுச் சிரியுங்கள்.