ஷூவுக்குள் மோகினி

“ஷூவைக் கழட்டாதப்பா! கழட்டினா அவ ஓடிப் பூடுவா.”

“ஓடினா நல்லதுதான சாமி?”

“ஓடினவ திரும்பி வருவா. புடிச்சி அடைக்கணும். நீ படம் பாக்கறத நிறுத்தினதும் மோகினி தலையிலேர்ந்து காலுக்கு எறங்கிட்டா. அதான் கை நடுங்குது, தூக்கம் வரல.”

காலணியைக் கழற்றாதே என்று சொல்லும் சாமி உலகத்திலேயே இவர் ஒருவர்தான்: பிள்ளைப்பாக்கம் பெருமாள்சாமி. முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து வரும் கம்பெனி பஸ்கள் அவருடைய தகரக் கொட்டகை வாசலில்தான் காலியாகும். ஆபாசப் படத்தில் மூழ்கி அதை விட முடியாதவர்களும், விட்டுவிட்டுத் தவிப்பவர்களும் யூனிபாரமும் ஷூவுமாக வரிசையில் நிற்பார்கள்.

ஹேமந்துக்கு அது பதினாறாவது நாள். விட்ட புதிதில் நடுக்கமும் எரிச்சலும் வரும், தாங்கிக்கொண்டால் அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது சப்பென்று இருந்தது. மோகினி என்றால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. இந்த முறையும் தவறினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்த அவன் மனைவி ஷெர்லின், பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

சாமி ஒரு கறுப்புக் கோலை நீட்டினார். தலை, தோள், முழங்கால்... சத்தமில்லை. ஷூ முனைக்கு வந்ததும் கோல் ‘பீப் பீப்’ என்று அலறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“போனை இங்க வெச்சிடு. அதுலதான் அவள அடைக்கணும். டாக்டர்கிட்ட போவாத, அவளுக்கு ஆவாது.”

கூடையில் ஏற்கெனவே முப்பது போன்கள். மோகினிகள் நல்ல புது மாடலாகப் பார்த்துத்தான் குடியேறியிருந்தார்கள்.

“கழட்டு ஹேமந்த்,” என்றாள் ஷெர்லின். வெறும் ஷூவை மேஜைமேல் வைத்து, கோலைப் பிடுங்கித் தொட்டாள்.

பீப்.

“உள்ள காலே இல்லியே சாமி. மோகினிக்கு எட்டாம் நம்பர் சைஸா?”

“அது... அவளோட மிச்சம்மா.”

“மிச்சமா? முனையில இரும்புத் தகடு. மேல எதனா வுழுந்தா விரல் நசுங்காம இருக்க. கம்பெனி ஸ்டோர்ல இந்த ஷூவ இஷ்யூ பண்றவளே நான்தான்!” கோலைக் கொட்டகைத் தகரத்தில் வைத்தாள். பீப். வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். “இரும்பப் பாத்தா கத்தற சென்சார். உங்க மெஷின் லைன்ல நூறு கீது, தெர்ல?”

சாமி கூடையோடு பின்பக்கம் நழுவினார். நாலு பேர் கூடையைப் பிடுங்கினார்கள். ஒருவன் மட்டும் கும்பிட்டான்: “சாமி, அப்ப என் ஷூவுக்காவது பரிகாரம் பண்ணிட்டுப் போங்க!”

கால்விரலைக் காக்க இரும்பு கொடுக்கிறது கம்பெனி. தலைக்குள் இருப்பதை மட்டும் அவரவரேதான் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

ஹேமந்த் ஒற்றைச் சாக்ஸோடு நின்றான். கை இன்னும் நடுங்கியது. இப்போது பழிபோட மோகினியும் இல்லை.

“ஷெர்லின்... தனியா தாங்க முடியல. நாளைக்கு டாக்டர்கிட்ட நீயும் கூட வர்றியா?”