என் வீட்டுக் கூரையைத் தின்ற கார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் காரைக் கொன்றது நான்தான். ஆனால் நான் கொல்வதற்கு முன்னால் ஏழு மாதமாக அது என் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், 'பேச்சி வாளி தூக்கின கதை'தான் ஓடும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. என் வீட்டுக்காரர் ராஜாமணிக்குச் சிவகாசியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம், அது முடிந்தால் காலண்டர். கணக்கு வழக்கு, ஆள் மேய்ப்பது எல்லாம் நான். ஆமத்தூரில் ஒரு துண்டு இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்த நேரம், இரண்டே சீட்டோடு, மேலே மூடி இல்லாத ஒரு சிவப்புக் கார் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றது. (கூரை இல்லாத வீடு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குத் துணையாகக் கூரை இல்லாத கார்.)

"என்னங்க இது?"

"ஸ்போர்ட்ஸ் கார், பேச்சி. பழசுதான், சல்லிசா வந்துச்சு. கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக் இருக்கில்ல? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பணம் கட்டிட்டு நம்ம காரை நாமளே அங்கன ஓட்டிக்கிடலாம். பந்தயமெல்லாம் கிடையாது. சும்மா ஒரு ஆசைக்கு."

"செலவு எம்புட்டு ஆகும்?"

"வாங்குனதோட சரி. இனிமே பெட்ரோல் மட்டுந்தான்."

பெட்ரோல் மட்டுந்தான்! இதை நம்பிய அந்தப் பேச்சியம்மாள் இன்றைக்கு என் எதிரே வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன். பிரஸ்ஸில் பத்துத் தாள் குறைந்தால் கண்டுபிடிக்கிறவள், ஒரு ஆண்பிள்ளை காரைத் தடவிக்கொண்டே சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்தார். முன் டயர் இரண்டும் வழுக்கையாகியிருந்தன. ஊரில் ஓடுகிற காருக்கு வருஷக்கணக்கில் வருகிற டயர், இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவில்லை. வளைவில் வேகமாகத் திருப்பினால் அப்படித்தான் தேயுமாம். "மெதுவாத் திருப்புங்களேன்" என்றேன். என்னை அற்பமாக ஒரு பார்வை பார்த்தார். அந்த டயர் பணத்தில் போனது முன் அறையின் தேக்கு ஜன்னல். அடுத்து பிரேக் பேட். அடுத்து பிரேக் ஆயில், அது கொதித்துப் போகுமாம், ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டுமாம். குளியலறை டைல்ஸ் போனது. பிறகு கிளட்ச் தேய்ந்து மாடிப்படிக் கைப்பிடியைக் கொண்டுபோனது. காற்றை நிறைய இழுத்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லி, இன்ஜினில் இருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு நாலு குழாயை மாட்டிக்கொண்டு வந்தார். அதற்கும் பணம். ஒரு சாமானைக் கழற்றிப் போடுவதற்குப் பணம் கொடுத்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். மூன்றாவது மாதம் ஒரு லாரி வந்து நின்றது. காரை அதில் ஏற்றினார்கள்.

"கார் ஓடாதா? லாரியில ஏன் ஏத்துறீக?"

"கோயமுத்தூர் வரைக்கும் ரோட்டுல ஓட்டுனா டயர் தேஞ்சுரும்ல?"

ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று காரை லாரியில் ஏற்றிப்போய், அங்கே இறக்கி, தேய்த்துவிட்டு, மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்! அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

புரட்டாசி பிறந்தது. கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டியாகிவிட்டது. கான்கிரீட் போடக் கையில் பணம் இல்லை. கொத்தனார் சண்முகம் தினமும் பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். "மதினி, பலகை வாடகை ஏறிக்கிட்டே இருக்கு. எப்பத்தான் கான்கிரீட்டுப் போடச் சொல்றீக? ஐப்பசி மழையில கம்பி துருப்பிடிச்சா என்னையக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா."

அன்று ராத்திரிச் சோறு ஆக்கவில்லை. "கார் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். (அந்த யோசனைக்காகவே இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை.) கடைசியில் விற்கச் சம்மதித்தார். கோயமுத்தூர் மில்காரர் பையன் ஒருவன் ரொக்கமாகத் தர முன்வந்தான். டிராக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அவன் சொன்ன விலைக்கு முழுக் கூரையும் முடியும். வழியில் இவர் மனசு மாறிவிடக் கூடாதே என்று நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு வாளிகள் இருக்கும், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். புகையைக் கண்டால் யோசிக்கக் கூடாது. ஆளை வெளியே இழு, வாளியைத் தூக்கு. யோசித்தவர்கள் யாரும் வீடு திரும்பியதில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு இது தலையில் இல்லை, கைகாலில் இருக்கிறது.

டிராக்கில் கார்கள் வந்து நிற்கிற கொட்டகையில் நானும் மில்காரர் பையனும் நின்றோம். பையன் நல்ல மாதிரி. பணப்பை அவன் தோளில் தொங்கியது. தூணில் வரிசையாகச் சிவப்பு வாளிகள். பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

பத்துச் சுற்று ஓட்டிவிட்டு இவர் உள்ளே வந்து நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்தான். "சூப்பருங்க, எடுத்துக்கிறேன்" என்று பையன் பைக்குள் கைவிட்டான். அந்த நொடி முன் சக்கரம் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

அடுத்து நடந்தது எனக்கே பிறகு சொல்லித்தான் தெரியும். "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய்ப் புல்தரையில் தள்ளினேன். திரும்பி ஓடிவந்து இரண்டு வாளித் தண்ணீரை இரண்டு சக்கரத்தில் அடித்தேன். 'டங்' என்று ஏதோ வெடித்துப் பிளக்கிற சத்தம். அது எனக்கு இன்னும் வேகம் கொடுத்தது. வாளி மணலைத் திறந்திருந்த பானெட்டுக்குள் மொத்தமாகக் கொட்டினேன். ஃபில்டர் இல்லாத அந்த நாலு குழாயும் மணலை ஆசையாக உள்ளே இழுத்துக்கொண்டன. கரகரவென்று ஒரு சத்தம் வந்து இன்ஜின் நின்றது.

தீ அணைந்துவிட்டது என்று மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏனுங்க அக்கா... அது வெறும் பிரேக் சூடுங்க. ஓடிட்டு வந்தா எல்லா வண்டிக்கும் புகையறதுதானுங்க. சும்மா விட்டா அஞ்சு நிமிசத்துல ஆறிப் போயிருக்குமுங்க."

சூட்டில் தண்ணீர் பட்டுப் பிரேக் டிஸ்க் இரண்டும் விரிசல். இன்ஜின் முழுக்க மணல். மில்காரர் பையன் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடி, "வர்றனுங்க" என்று கிளம்பினான். என் கூரை அவன் தோளில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழு மாதத்தில் இவர் செய்த மொத்தச் செலவையும் நான் ஒரு நிமிஷத்தில் தாண்டிவிட்டேன்.

திரும்பும்போது லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவார், பதிலுக்குத் திட்டலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். ஜன்னலும் டைல்ஸும் கைப்பிடியும் நாக்கு நுனியில் இருந்தன. ஆமத்தூர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார். "நம்ம ஊர்க் கம்பெனியா இருந்திருந்தா இன்னிக்கி நீ அம்புட்டுப் பேரையும் காப்பாத்தியிருப்ப, பேச்சி."

அழுதுவிட்டேன். அதைவிடக் கோபம் வந்தது. ஏழு மாதமாகச் சேர்த்து வைத்த சண்டையை ஒரே வாக்கியத்தில் பறித்துக்கொண்டால் மனுஷி என்ன செய்வாள்? கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், டிராக்கில் எடுத்த சிவப்பு வாளி ஒன்று இன்னும் என் மடியில் இருந்தது.

காரை உடைத்து விற்றதில் பாதிக் கூரைக்குத்தான் கான்கிரீட் கிடைத்தது. சமையலறைக்கும் பின் அறைக்கும் தகரம் போட்டோம், அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று. அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. என் வீட்டுக்காரர் கையைக் காதில் வைத்து, "நாலாவது கியர்" என்பார். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள் ஓடிப்போய் அந்தச் சிவப்பு வாளியை எடுத்துவந்து சமையலறையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைப்பாள். அப்பாவும் மகளும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன ஐப்பசியில் நானே வாளியை எடுத்து வைத்துவிட்டு, அண்ணாந்து அந்த ஒழுகலைப் பார்த்தபடி, "இதுக்குச் செலவு எம்புட்டுங்க ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "பெட்ரோல் மட்டுந்தாம்மா."