தோளேறிய பையைத் தாழ இறக்கிய பெரும்போர்

வாழ்க வெண்சீருடைச் செல்வி! முதியோர் இல்லத்து நீள்கூடத்தை ரப்பர்ச் செருப்பொலியால் நடுங்கவைப்பவளே, கையுறை பூண்ட கரத்தாளே, சிறுநீர்க்குழாய்களின் காவல் தெய்வமே, நின் வெற்றியைப் பாடத் துணிந்த நாவுக்கு நீயே துணை! நர்ஸம்மா என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள்.

எதிர்நின்றவரும் லேசுப்பட்ட ஆளில்லை. ஆயுள் முழுதும் நெரிசல் பேருந்தில் விசிலூதி, தோளில் தொங்கிய தோல்பையைக் கண்ணின் மணியெனக் காத்து ஓய்ந்த மாவீரர், கண்டக்டர். சிறுநீர் தானாக இறங்காததால் மருத்துவர் அவருக்குக் குழாய் செருகி, முனையில் ஒரு பையையும் மாட்டிவிட்டார். பையைக் கண்டபின் பழகிய தோள் சும்மா இருக்குமா? குறுக்கே மாட்டிக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி உலாக் கிளம்பிவிட்டார்!

ஐயகோ! அடிவயிற்றுக்குக் கீழே தொங்கவேண்டிய பை மேலே ஏறினால், இறங்கிய நீர் வந்தவழியே மீளும், கிருமிப்படை உடன்புகும், காய்ச்சல் மூளும். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. மறுபடி காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிதான். ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக் கேரம் இறுதியாட்டத்தில் பரம எதிரி, பக்கத்து அறைத் தபால்காரர், காயைத் தொடாமலே கோப்பையைத் தூக்கிப்போவார். நினைக்கவே நர்ஸம்மாவுக்கு வயிறெரிந்தது. அவள் கண்டக்டர் கட்சி.

கெஞ்சினாள், மிரட்டினாள், பையை இறக்கிக் கட்டில் சட்டத்தில் மாட்டினாள். அவள் முதுகு திரும்பியதும் அது தோளேறியது.

"கீழ விட்டா எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான் சிஸ்டர்!" என்று முழங்கினார் கண்டக்டர். இதைத் திருடவும் ஒருவன் பிறந்திருக்கிறானா என்று அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

அப்போதுதான், குழாயில் பொன்னிறத் தாரை தயங்கிப் பின்வாங்குவதைக் கண்டு, விழிகள் கனல் கக்க, கூடம் கிடுகிடுக்க, அறைகூவினாள்: "கண்டக்டரே! எறங்கினவங்க எல்லாம் திரும்ப ஏறுறாங்க! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, என்ன டூட்டி பாக்குறீங்க?"

திகைத்தது தோள், விழித்தது கடமை.

"எவன்டா அது? எறங்கின ஆளு ஏறக் கூடாது! வழிய விடு, வழிய விடு!" என்று கர்ஜித்த மாவீரர், தம் கையாலேயே பையைக் கழற்றி, வாக்கரின் கீழ்க்கம்பியில் தரைபடாமல் மாட்டினார். மூடின கிருமிக்கோட்டையின் வாயில்கள்! மடங்காக் குழாய்வழியே பொன்னாறு பெருகிப் பள்ளம் பாய, விண்ணோர் பூமாரி பொழியக் கூடைகளைத் தூக்க, நர்ஸம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள், ஒரு பேரரசின் தலைநகரையே மீட்டவள்போல!

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் காய்ச்சலில்லாமல் கேரம் ஆடி, தோற்றுப்போனார்.