இறந்தவர் திருத்தித் தரவேண்டிய மூன்றாம் அத்தியாயம்

பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பெரிய நாற்காலியில் இருக்கும் ஐயா அவர்களுக்கு, காலமாகிப்போன வரலாற்று வாத்தியாரின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அவசரப்படுகிறவர்களுக்குத்தானே உடம்பு கெடும்.

அந்தக் காலத்தில் தபால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் பாடின பாட்டுகளைப் பற்றி என் வீட்டுக்காரர் எழுதின புத்தகம் உங்களிடம் மூன்று வருஷமாகத் தூங்குகிறது. அந்த மூட்டை தானாக உருண்டு போயிருந்தால்கூட இதற்குள் ஊர் சேர்ந்திருக்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் இன்னும் கிளம்பக்கூட இல்லை, உங்கள் கடிதம் வருகிறது: இரண்டு நிபுணர்கள் ரகசியமாகப் படித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறார்களாம், ஆசிரியர் திருத்தி அனுப்பணுமாம். நேரில் வந்து சொன்னேன். உங்கள் ஆபீஸ் அம்மா, "ஆசிரியரே கையெழுத்துப் போடணும்மா" என்றாள். "அவர் தவறிட்டாரும்மா" என்றேன். "சரி, எப்ப வருவார்?" என்கிறாள்!

அப்புறம் என் மக அந்தக் கருத்தையெல்லாம் உரக்கப் படிச்சா. முதல் நிபுணர் புத்தகத்தைத் திறக்கவே இல்லைன்னு எனக்கே தெரியுது. மீனவர் பாட்டை அருமையா ஆராய்ஞ்சிருக்காராம். ரெண்டாவது ஒருத்தன் இருக்கானே, அவன் வாயில கொள்ளிய வைக்க! "ஆசிரியர் சோம்பேறி. மூன்றாம் அத்தியாயம் அரைவேக்காடு. இன்னொரு கொதி வரவேண்டும்"னு எழுதியிருக்கான். யாருய்யா அவன்? கண்ணு மங்குற வரைக்கும் உக்காந்து எழுதின மனுஷனைச் சோம்பேறிங்கிறான். பேரை மறைச்சுக்கிட்டுத் திட்டுறவனுக்கு நீங்க நிபுணர்னு பட்டம் வேற கட்டுறீங்க. நான் கேக்குறதெல்லாம், அவர் பேர் ஒரு அட்டையில வரணும், அவ்வளவுதான். ஒரு எழுத்தும் மாத்தாம அப்படியே அச்சடிங்க. இல்லேன்னா உங்க வாசல்ல வந்து உக்காருவேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உங்களிடம் புத்தகம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அதைவிட நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வாத்தியார் சம்சாரம்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி டீ போட்டேன். மக ஒரு வாய் குடிச்சிட்டு, "அப்பா இருந்தா இன்னொரு கொதி வரட்டும்னு சொல்லியிருப்பார்"னா. ரெண்டு பேரும் அந்த ரெண்டாவது ஆள் எழுதினதை மறுபடி எடுத்துப் பார்த்தோம். போன மழைக்காலத்துல உங்ககிட்டேயிருந்து அவருக்கு ஒரு காகிதக் கட்டு வந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத் தனியாச் சிரிச்சார். என்னங்கன்னு கேட்டா, "ஒரு சோம்பேறியோட புத்தகம், வறுத்தெடுக்கப் போறேன்"னார். இந்த விஷயம் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்னு, எழுதினவர் பேரை மறைச்சு, அவர் புத்தகத்தையே அவருக்கு அனுப்பியிருக்கீங்களேய்யா! மேலே அந்த ரெண்டாவது ஆளைத் திட்டினதை அடிச்சிடுங்க. உங்களைத் திட்டினது இருக்கட்டும். மூணாவது அத்தியாயத்தை அச்சடிச்சிடாதீங்க, திருப்பி அனுப்புங்க. அவர் சேர்த்து வச்ச பாட்டெல்லாம் இங்கதான் இருக்கு, மக பார்த்துக்குவா. இன்னொரு கொதி வரட்டும்.